ஏற்றத்தில் முந்தியவள்

அவள் கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்ப்பவள். கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கல்யாணமான புதிதிலிருந்தே இருவருக்கும் ஞாயிற்றுக்கிழமை என்றால் சைக்கிள்தான். ஊரைத் தாண்டினால் குன்றின்மேல் ஒரு காட்டுப்பாதை ஏறிப்போகும். வாத்தியார் முன்னால் போய் உச்சியில் காத்திருப்பார். அவள் நாக்குத் தள்ளப் போய்ச் சேர்வாள். இத்தனை வருஷமாக அந்த ஏற்றத்தில் அவள் பார்த்ததெல்லாம் அவர் முதுகைத்தான். அதுவும் முதல் வளைவு வரைக்கும்.

முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கியதும் பேட்டரி வைத்த மலைசைக்கிள் ஒன்றை வாங்கினாள். பிணக்கனம் கனத்தது. முன்சக்கரத்தைத் தூக்கி நட்டுக்குத்தலாக நிறுத்தினால்தான் அவர்கள் அடுக்குமாடியின் லிஃப்ட் கதவு மூடும். பேட்டரியைத் தனியே கழற்றி அடுப்படியில் சார்ஜ் போட வேண்டும். மோட்டார் போட்டு மலையேறுவதற்கு அண்ணி பேசாமல் பஸ்ஸிலேயே போகலாமே என்று கொழுந்தன் கிண்டலடித்தான். அவளுக்கும் முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் மிதிக்க மிதிக்க, யாரோ இடுப்பில் கைகொடுத்துத் தள்ளிவிடுகிற மாதிரி ஒரு சுகம். வியர்க்காமலும் இல்லை, முழங்கால் மட்டும் அழவில்லை.

சைக்கிள் கொஞ்சம் பழகியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாத்தியாரை முந்தினாள். "நீ போ, வர்றேன்" என்றார் அவர்.

உச்சியில் முதல்முறையாக அவள் காத்திருந்தாள். அவர் வரக் காணோம். விளிம்புக்குப் போய் மரங்களுக்கிடையே எட்டிப் பார்த்தாள். கீழே அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்துவந்தார். ஒரு கை நெஞ்சில் இருந்தது. நாலடி நடப்பதும் நிற்பதுமாக இருந்தார். கடைசி வளைவுக்குக் கீழே வந்ததும் முகத்தைத் துடைத்து, ஏறி உட்கார்ந்து, சிரித்தபடி மிதித்து வந்தார்.

"செயின் கழண்டுடுச்சு."

"கையில ஒரு பொட்டுக் கறை இல்லையே."

வாத்தியார் கையைப் பார்த்துக்கொண்டார். பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தார். சொன்னார்: "போன மழைக்காலத்துலேருந்தே இப்படித்தான். நீ வந்து சேர்றதுக்குள்ள மூச்சு சரியாயிடும்."

அவளுக்குச் சண்டை போடத் தோன்றவில்லை. தனக்காகக் காத்திருக்கிறார் என்று நினைத்து, எத்தனை முறை அவசர அவசரமாக மிதித்திருக்கிறாள்! அந்த அவசரம் அவருடைய ஓய்வைத்தானே தின்றிருக்கும்! இருவரும் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டே இறங்கினார்கள்.

மறுநாளே மருத்துவமனைக்கு இழுத்துப்போனாள். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வெகுநாள் கழித்து டாக்டர், பேட்டரி சைக்கிள் என்றால் மெதுவாக ஓட்டலாம் என்று தலையாட்டினார். வாத்தியாருக்கு ரோஷம்; அதெல்லாம் சோம்பேறிகளுக்கு என்று கொஞ்சநாள் முறுக்கிக்கொண்டார். பிறகு அவரே கடைக்குப் போய், அவளுடையதைவிடக் கனம் குறைந்ததாகப் பார்த்து ஒன்று வாங்கிவந்தார்.

இப்போது ஏற்றத்தில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் போகிறார்கள். பேசுவதற்கு மூச்சு மிச்சமிருக்கிறது. ஒருநாள் ஒரு வளைவில், கேட்காமலேயே அவர் சொன்னார்: "அன்னிக்கு ஆஸ்பத்திரி டேபிள்ல படுத்திருந்தப்ப ரொம்பப் பயந்துட்டேன்."

"வெளியில நான் மட்டும் என்ன தைரியமாவா இருந்தேன்?" என்றாள் அவள். பாதை குறுகியது. அவரை முன்னால் விட்டு, சக்கரம் சக்கரத்தில் இடிக்காத அளவுக்கு நெருங்கிப் போனாள்.