வரவேற்பு மேசைக்குப் போகாதவள்

அச்சகத்தில் புத்தகப் பக்கங்களை வடிவமைப்பது அவள் வேலை. பார்வை மங்கல், கணினியிலேயே உள்ள உருப்பெருக்கி மென்பொருளால் திரையைப் பெரிதாக்கித்தான் பார்ப்பாள். ஆனாலும் ஒரு புள்ளி பிசகினால் அவளிடம் தப்பாது.

அச்சகக் கணினிகளில் லினக்ஸின் திரை மென்பொருளான டெஸ்க்டாப்பைப் புதுப்பித்தார்கள். அன்றோடு உருப்பெருக்கி படுத்துவிட்டது. மவுஸை நகர்த்தினால் திரை துள்ளியது, எழுத்து சிதறியது. மேனேஜர் வந்து தலையைச் சொறிந்தார்.

"திங்கக்கிழமையிலேர்ந்து ரிசப்ஷன்ல உக்காந்துக்கோங்கம்மா. போன் எடுத்தாப் போதும். கண்ணுக்கும் ஓய்வு."

"என் கண்ணு நேத்து மாதிரியேதான் சார் இருக்கு. கெட்டது கம்ப்யூட்டர்."

"அதைச் சரிபண்றது நம்ம கையில இல்லையே."

அந்தப் பேச்சுதான் அவளைச் சுருக்கென்று தைத்தது. வீட்டுக்கு வந்து இணையத்தைத் துழாவினாள். டெஸ்க்டாப்பை எழுதுகிறவர்கள் பிழையைத் திருத்தித்தான் இருந்தார்கள். ஆனால் திருத்தம் புதிய பதிப்பின் சோர்ஸ் கோடில், அதாவது மூல நிரலில் மட்டும் இருந்தது. அது எல்லோருக்குமான தொகுப்பாக வர மாதக்கணக்காகும். அவசரமென்றால் அவரவரே அந்த நிரலைக் கம்பைல் செய்து, ஓடும் மென்பொருளாகக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஞாயிறு காலை தன் மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். அதிலும் அதே டெஸ்க்டாப்தான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, ஒரு பகுதியைக் கட்டப் போனால் அது இன்னொன்றின் புதிய பதிப்பைக் கேட்டது. அது வேறொன்றைக் கேட்டது. ஒவ்வொன்றாகக் கட்டினாள். பழையது கெடாதபடி எல்லாவற்றையும் தனி அடைவில், வேறொரு ஃபோல்டரில் வைத்தாள்.

கணவன் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தான். "என்ன, வெந்துருச்சா?"

"அடுப்பே இப்பத்தான் பத்தியிருக்கு. போய் உங்க அடுப்பைப் பாருங்க."

மதியம் ஒருவழியாக முடிந்தது. கட்டிய டெஸ்க்டாப்புக்குள் நுழைந்தால் கறுப்புத் திரை, நடுவே மவுஸின் அம்பு மட்டும்.

"விட்டுத்தொலையேன்மா. ரிசப்ஷன்னா கேவலமா என்ன?" என்றான் கணவன்.

"வேலை கேவலமில்லைங்க. பாவம்னு தர்றாரே, அதுதான்."

வெறும் எழுத்துத் திரைக்குப் போய், பூதக்கண்ணாடியை வைத்து, மூக்கு திரையில் உரசப் பிழைச்செய்திகளை வரிவரியாகப் படித்தாள். புதிய டெஸ்க்டாப் பழைய அடைவிலிருந்த ஒரு நிரல் நூலகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. அது தேடும் பாதையைப் புதிய அடைவுக்கு மாற்றி மறுபடி நுழைந்தாள். திரை மலர்ந்தது. உருப்பெருக்கியைப் போட்டாள், எழுத்துகள் வழுக்கிக்கொண்டு வந்து கண்முன் நின்றன. "வாடி வா!" என்று அவள் போட்ட கூச்சலில் அடுக்களையில் கரண்டி விழுந்தது.

திங்களன்று மடிக்கணினியைத் தன் மேசையில் வைத்து, பாதியில் நின்ற புத்தகத்தைத் திறந்தாள்.

"இங்க ஏன் உக்காந்திருக்கீங்க?" என்றார் மேனேஜர்.

"என் இடம் சார் இது. உருப்பெருக்கி ஓடுது, பாருங்க. நானே கட்டினேன்."

அவர் குனிந்து பார்த்தார். "அடுத்த அப்டேட்ல திரும்பக் கெட்டுப்போனா?"

"திரும்பக் கட்டுவேன்."

அவர் திரைமேல் குனிந்தபடியே நின்றார். அவள் நிமிராமலே சொன்னாள்:

"வெளிச்சத்தை மறைக்காதீங்க சார். பக்கம் அச்சுக்குப் போகணும்."