பன்னிரண்டாவது தகடு

மகள் வினிகரில் நனைத்த துணியைத் தகட்டின் ஓரத்தில் ஒற்றிக்கொண்டிருந்தபோது முன்னறையில் யாரோ புதிதாக வந்து அழத் தொடங்கினார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. பூத்துப்போன உப்பு முதலில் ஊற வேண்டும். அவசரப்பட்டால் கீறல் விழும்.

"எங்க அண்ணன் அங்க படுத்திருக்காரு, நீ இங்க பாத்திரம் விளக்கிட்டிருக்கே. வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்றாள் சமையலறை வாசலில் நின்ற அத்தை.

"பாத்திரம் இல்ல அத்தை. ரிஃப்ளெக்டர்."

"என்ன எழவோ" என்ற அத்தை, சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அப்பா மீன் காட்சியகத்தில் விளக்குத் துடைப்பவர். தொட்டிக்கு மேலே விளக்கு. விளக்குக்குப் பின்னால், வெளிச்சத்தைத் தண்ணீருக்குள் திருப்பிவிடும் வளைந்த தகடு. கடல்தொட்டிகளின் உப்பு ஈரத்தில் பன்னிரண்டு தகடும் கறுத்துப்போக, மீன்கள் மின்வெட்டில் குடித்தனம் நடத்தின. இயக்குநர் வெளிநாட்டு பல்புகளை வரவழைத்தார். இருட்டு இம்மியும் நகரவில்லை.

"பல்பு நல்லாத்தான் இருக்கு சார். தகடுதான் செத்துப்போச்சு" என்றார் அப்பா.

"நான் இதுல டாக்டர் பட்டம் வாங்கினவன்யா."

பட்டம் வாங்காத அப்பா, வாரம் ஒரு தகடாக வீட்டுக்குக் கொண்டுவந்து, உப்பை ஊறவைத்துக் கழுவி, ஈரம் போக ஒற்றி, பாலிஷ் தொட்டு ஒரே திசையில் தேய்த்தார். பதினொன்று முடிந்தபோது காட்சியகம் கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. இயக்குநர் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு பல்பின் பெருமையைப் பேசினார். வெளியான படத்தை அப்பா வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். "அந்த மீனோட வாலுக்குப் பின்னால தெரியுது பாருங்க, அது என் காதுதான்."

நேற்று மத்தியானம், பன்னிரண்டாவதில் பாதியை முடித்துவிட்டு, "கொஞ்சம் சாயறேன்" என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

பதினொரு மணிக்கு இயக்குநர் வந்தார். அவருடைய மலர்வளையம் வாசலில் நுழையாமல் மல்லுக்கட்டியது. அதன் நாடாவில் இறந்தவர் பெயரைவிடக் கொடுத்தவர் பெயர் நான்கு மடங்கு பெரிது. இரண்டு நிமிட இரங்கல் கால் மணி நேரம் ஓடியது. அதில் காட்சியகத்தின் வளர்ச்சி மட்டும் பத்து நிமிடம். பிறகு, சத்தம் கேட்டுத் தகடும் கையுமாக வந்து நின்ற மகளின் பக்கம் குனிந்தார்.

"அம்மா, அதைக் குடுத்துடு. நாளைக்குப் பெரிய ஆளுங்க வர்றாங்க. மிச்சத்தை நம்ம கான்ட்ராக்டர் கம்பி நார் போட்டுத் தேச்சுருவான்."

கம்பி நார் என்றதும் அவள் தகட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வெளிச்சம் வெளிநாட்டு பல்பால வருதுன்னு நீங்கதானே சார் பேப்பர்ல சொன்னீங்க?" அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "அப்புறம் இந்தத் தகடு எதுக்கு?"

அழுகை நின்றது. மூக்கு உறிஞ்சுவதுகூட நின்றது.

"அது… இது இல்லேன்னா பல்பு எரிஞ்சும் பிரயோஜனம் இல்லம்மா" என்று முனகினார் இயக்குநர்.

"கொஞ்சம் சத்தமா சார்" என்றார் பின்வரிசையிலிருந்து சித்தப்பா. "இங்க கேக்கல."

இயக்குநர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "இவர் தேய்ச்சதாலதான் அங்க வெளிச்சமே வந்துது" என்றார்.

தலைமாட்டில் சரிந்திருந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"உக்காருங்க சார். அரை மணி நேரம் ஆகும்" என்றாள் மகள்.

யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நகர்த்திப் போட்டார்கள். ஊரையே காக்கவைத்துப் பழகியவர் அதில் ஒடுங்கிக் காத்திருந்தார். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, அப்பா விட்ட இடத்திலிருந்து, அவர் தேய்த்த திசையிலேயே தேய்த்தாள். பாதி வேலையில் துணி கறுத்துவிட்டது. அத்தை உள்ளே போய்ப் பழைய பருத்திப் புடவை ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்தாள். "இது மெத்துனு இருக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

முடிந்ததும் எது அப்பாவின் பாதி, எது தன்னுடையது என்று அவளுக்கே தெரியவில்லை.

"உள்பக்கம் விரல் படக்கூடாது சார். சூட்டுல கறையா நின்னுரும். ஓரமாப் பிடிங்க."

இயக்குநர் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அதை ஏந்திக்கொண்டார். குனிய வழியில்லாமல், வாசலில் கால்களாலேயே செருப்பைத் துழாவி மாட்டினார். தெருவில் வந்துகொண்டிருந்தவர்கள் இருபுறமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். தகட்டிலிருந்து தெறித்த ஒரு துண்டு வெயில் எதிர்வீட்டுச் சுவரில் ஏறி, அவருக்கு முன்னால் தெருக்கோடிவரை போய்க்கொண்டிருந்தது.