மருந்து படாத வயல்

ஊரே மருந்து அடித்தது, நான் அடிக்கவில்லை. அதுதான் என் மேல் குற்றம்.

அசுவா சமவெளிக்கு வெள்ளை ஈ வந்த மூன்றாவது வருடம் அது. ஈ உறிஞ்சிய தக்காளிச் செடியின் இலை மஞ்சளாகிக் கிண்ணம் போல் சுருளும், பூ உதிரும், செடி குட்டையாக நின்றுவிடும். அவ்வளவுதான், கதை முடிந்தது. விடிந்தால் மருந்து, பொழுது சாய்ந்தால் மருந்து. பிள்ளைகளின் தலைமுடியில்கூட அந்த நாற்றம்தான். ஈ மட்டும் நன்றாகக் கொழுத்தது.

என் தங்கை மிரெயாவுக்குத் தலைநகரத்தில் தக்காளி ரகங்களைக் கலப்பதுதான் வேலை. சுருட்டை நோய்க்கு மசியாத ஒரு காட்டுத் தக்காளியைப் பிடித்தாள். பட்டாணி அளவுதான் இருக்கும், பழுத்தாலும் பச்சை, வாயில் வைக்க முடியாது. அதை நம் தக்காளியோடு சேர்த்து, பிறந்த செடிகளில் நோய் தாங்கியவற்றை மறுபடி மறுபடி நம் தக்காளியோடே சேர்த்து, ஆறு தலைமுறை தாண்டி ஒரு கைப்பிடி விதை எடுத்தாள். அவளிடம் வேறு விதை கிடையாது. அத்தனையையும் என் வயலில் நட்டோம். நடுநடுவே பழைய ரகத்தையும் வரிசையாக வைத்தோம். பழையது நோயில் விழ வேண்டும், பக்கத்திலேயே புதியது நிற்க வேண்டும். மருந்து மட்டும் படவே கூடாது.

விவசாயிகள் சங்கத் தலைவர் எலிஹியோவுக்கு இது பொறுக்கவில்லை. அவர் என் மகளுக்கு ஞானத்தந்தை. அந்த உறவில் அவர் எனக்குக் கொம்பாத்ரே, நான் அவருக்குக் கொமாத்ரே.

"கொமாத்ரே, உன் வயல்ல ஈ குஞ்சு பொரிச்சு எங்க வயலுக்கு வருது. இது என்ன நியாயம்?"

"நீங்க தினம் ரெண்டு வேளை அடிக்கிறீங்களே, செத்துச்சா கொம்பாத்ரே?"

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. அறுப்புக்கு முன்னால வந்து பாப்பேன். உன் புது ரகம் நோய்ல நின்னு காட்டணும். இல்லேன்னா டிராக்டர் விட்டு உழுதுடுவேன். சங்கத்துல முடிவு பண்ணியாச்சு."

உழுதால் மிரெயாவின் ஆறு தலைமுறையும் மண்ணோடு மண்.

இந்த அழகில் என் வீட்டுக்காரர் ஓவிதியோ ஒரு காரியம் செய்தார். எங்கள் பக்கத்தில் சுருண்ட செடியைக் கண்டால், யார் வயலாக இருந்தாலும் பிடுங்கி, சாக்கில் கட்டி எரித்துவிட்டுத்தான் போவார்கள். அது அக்கம்பக்கத்துக்குச் செய்யும் மரியாதை. நான் சந்தைக்குப் போயிருந்த நாளில், அந்தப் பழக்கத்தில், மனுஷன் சுருண்டு நின்ற பழைய ரகம் முழுவதையும் பிடுங்கி எரித்துவிட்டார்.

"இடுப்பு வலின்னியே, அதான் நானே சுத்தம் பண்ணிட்டேன்," என்றார் சிரித்துக்கொண்டே.

தலையில் அடித்துக்கொண்டேன். "புண்ணியவானே, நோயே இல்லாத வயல்ல நோய் வரலேன்னு சொன்னா எவன் நம்புவான்?"

எலிஹியோ அன்றைக்கே அதைத்தான் சொன்னார். "உன் வயல்ல சுருட்டையே இல்லையே. அதுல செடி நின்னா என்ன பெருமை?"

எனக்கு வெறி பிடித்தது. மறுநாள் காலையில் கழுதை வண்டியை ஓட்டிக்கொண்டு அவர் வயலுக்கே போனேன்.

"உங்க சுருண்ட செடிய வேரோட குடுங்க. ஈயும் வேணும்."

"எதுக்கு?"

"என் வயல்ல நடுறதுக்கு."

"உனக்குப் பைத்தியம் முத்திப்போச்சு," என்று சிலுவை போட்டுக்கொண்டார். ஆனாலும் கொடுத்தார். தலைவலி ஒழியட்டும் என்று நினைத்திருப்பார்.

ஈ பறக்காமல் படுக்கை விரிப்பால் மூடிக் கொண்டுவந்தேன். மிரெயாவின் செடிகளுக்கு நடுவே அந்த நோயாளிகளையும், பழைய ரகத்தின் புது நாற்றுகளையும் மாற்றி மாற்றி நட்டேன். ஓவிதியோ குழி தோண்டினார். அப்புறம் பல நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. தங்கை கணக்கு தப்பியிருந்தால், அவள் செடிகளைக் கொன்றவள் நானாகத்தான் இருப்பேன்.

அறுப்புக்கு முன் எலிஹியோ வந்தார். டிராக்டரில் கலப்பை மாட்டியிருந்தது, பின்னால் பாதி ஊர். பழைய நாற்றுகள் மஞ்சளாகச் சுருண்டு சாண் உயரத்திலேயே நின்றுபோயிருந்தன. பக்கத்தில் மிரெயாவின் செடிகள் இலை விரித்து, கொத்துக்கொத்தாகக் காய்த்துக் கிடந்தன. எலிஹியோ குனிந்து ஒவ்வொரு கொழுந்தாகத் திருப்பிப் பார்த்தார்.

"யாருக்கும் தெரியாம மருந்து அடிச்சிருக்க," என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவர் குனிந்திருந்த செடியின் தண்டைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினேன். வெள்ளை ஈ குபீரென்று கிளம்பி அவர் மீசையில், கண்ணில், திறந்த வாயில் அப்பியது.

"மருந்து நாத்தம் வருதா இதுல? ஈ இருக்கு கொம்பாத்ரே, வேணுங்கிற மட்டும் இருக்கு. சுருட்டை எங்க? காட்டுங்க."

அவர் துப்பினார். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் திரும்பியதும் நிறுத்திக்கொண்டார்கள். மறுபடி குனிந்து அடுத்த வரிசையைப் பார்த்தார், அதற்கடுத்த வரிசையையும் பார்த்தார். நான் டிராக்டருக்கு முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஏற்றுவதென்றால் என் மேல் ஏற்றட்டும்.

எலிஹியோ நிமிர்ந்து டிராக்டர்காரனிடம் சொன்னார்: "கலப்பைய கழட்டுடா."

பிறகு என்னிடம் வந்தார். "ஒரு பழத்தக்கூட வித்துடாத. எல்லாம் விதைக்கு."

"அத எனக்கு நீங்க சொல்லித் தரணுமா?" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.