திருக்கை முள்

தவளையின் இதயம் நிற்கவில்லை. கண்ணாடித் தட்டின் உப்புநீரில் அது தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. திருக்கைமீனின் வால்முள்ளிலிருந்து மரியசெல்வி வடித்தெடுத்த நஞ்சு அதைத் தீண்டியதாகவே தெரியவில்லை. அந்த நஞ்சு இதயத் தசையின் எந்தப் புரதத்தைப் போய்ப் பற்றுகிறது என்று கண்டுகொண்டால், இதய நோய்க்கான மருந்து எங்கே போய்ச் சேரவேண்டும் என்பதும் விளங்கிவிடும். நஞ்சை வேவு பார்க்க அனுப்புவதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஓராண்டாக அனுப்புகிறாள், அது எதையும் பற்றவில்லை.

"கை சுத்தமில்லைன்னா புரோட்டீன் கெட்டுத்தான் போகும், மிஸ்," என்றார் பேராசிரியர் வன்னியபெருமாள். "இந்த வாரத்துக்குள்ள ரிசல்ட் காட்டுங்க. இல்லைன்னா உங்க லேப் மேஜை உங்க ஜூனியர் சத்தியராஜுக்கு."

அவள் கையில் குறையில்லை. முள்ளில்தான் கோளாறு என்று முடிவு செய்தாள். முள் கொண்டுவந்து தரும் அண்ணன் இனிகோவின் வள்ளம் புதுத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரைச் சுற்றிக் கரைசேரும் நேரம் பார்த்து வீட்டுக்குப் போனாள். கொல்லையில் அடுப்பு எரிந்தது. மீனிலிருந்து அறுத்த முள்ளைக் கொதிக்கும் பானைக்குள் போட்டு, இனிகோ குச்சியால் அமுக்கிக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே செய்யுத?"

"விஷத்த எடுக்கேன். பின்ன, அப்படியேவா ஒங் கையில குடுப்பேன்?"

"எல்லா முள்ளையுமா?"

"ஒண்ணு விடாம. இது குத்தித்தான அப்பா காலு அழுகிச் செத்தாரு? மறந்துபோச்சாளா?"

"அந்த விஷந்தாண்ணே எனக்கு வேணும்."

"மீனு கேப்பா, கருவாடு கேப்பா. விஷம் கேக்குத பொம்பளைய இப்பத்தான் பாக்கேன்," என்று சிரித்தவன், அவள் முகத்தைக் கண்டு நிறுத்தினான்.

முள் குத்தினால் வெந்நீரில் வைக்கவேண்டும் என்பது அந்தக் கரையில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். சூட்டில் அந்தப் புரதம் குலைந்துவிடும் என்று அவளே ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். எழுதியவள், முள்ளை என்ன செய்து தருகிறாய் என்று அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நடந்ததைப் பேராசிரியரிடம் சொன்னாள்.

"ஒரு வருஷமா வேகவச்ச முள்ளையா ஆராய்ச்சி பண்ணினீங்க? வெளியில சொல்லாதீங்க, சிரிப்பாங்க." வாரம் முடியும்வரை அவர் காத்திருக்கவில்லை. சத்தியராஜ் அப்போதே அவளுடைய இழுப்பறையைத் துடைக்கத் தொடங்கியிருந்தான்.

மறுநாள் இனிகோ வீட்டு வாசலிலிருந்தே கூவினான்.

"ஏளா செல்வி! பச்ச முள்ளு!"

வலது கையைத் துண்டால் சுற்றியிருந்தான். துண்டு சிவந்து சொட்டியது.

"மீனு துள்ளிக் குத்திட்டு, மூதி. நீ ஏன் நிக்க? முள்ளு கெட்டுப்போவும், லேபுக்கு ஓடு."

மேஜை போனதை அவள் சொல்லவில்லை. அடுப்பிலிருந்த பானையை இறக்கி, அவன் கையை வெந்நீருக்குள் அமுக்கிப் பிடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டே, "போளா, போ," என்றான். படியில் கிடந்த முள்ளின்மேல் நஞ்சுக் கோழை இன்னும் பளபளத்தது. ஓர் ஈ வந்து அமர்ந்தது, பிறகு இன்னொன்று.