எங்கள் ஊரில் யாருக்கும் குளிராது

அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் வடகோடியில், மூச்சு மீசையிலேயே உறைந்துபோகிற ஜனவரியில், எங்கள் ஊர்க்காரர்கள் சந்தித்தால் சொல்வது ஒன்றுதான்: "இன்னிக்குக் கொஞ்சம் காத்து." அதற்குமேல் ஒரு வார்த்தை சொன்னால் புலம்பல் ஆகிவிடும். காது கழன்று கையில் வந்தாலும், அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு "பரவாயில்ல" என்பவனுக்குத்தான் இங்கே மரியாதை.

அந்த மரியாதையில் முதல் ஆள் வெர்லின் ஹாக்ஸ்டாட். உறைந்த ஏரியில் துளை போட்டு, கையுறை இல்லாமல் மீன் பிடிப்பான். அவன் மனைவி மார்லிஸுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது அதை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏனென்றால் வெர்லின் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டிருந்தான். மாடிப்படியில் பாதியில் நின்று, சுவரிலுள்ள வாத்துப் படத்தை ரசிப்பதுபோல் மூச்சு வாங்கினான். முப்பது வருஷமாக அதே வாத்துதான்.

அவன்கூடப் படித்த ஊர் டாக்டர் லாக்கன் ரத்தம் எடுத்துப் பார்த்தார். இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது.

"குளிர் ஏதாவது தொந்தரவு பண்ணுதா?"

"இல்லையே."

"மூத்திரம் எப்படிப் போகுது?"

"போகுது."

இரண்டு பேருக்கும் திருப்தி. டாக்டர் இரும்பு மாத்திரை எழுதினார். ஊரும் சும்மா இருக்கவில்லை. தேவாலயத்துப் பெண்கள் முறைபோட்டு ஈரலும் கீரையும் கொண்டுவந்து கொட்டினார்கள். ரத்தசோகை என்றால் இரும்பு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வெர்லினுக்கு மலச்சிக்கல்தான் வந்தது. ரத்தம் இன்னும் இறங்கியது.

ஒரு சனிக்கிழமை ஏரியில் மயங்கி விழுந்தான். பக்கத்துத் துளைக்காரன் டுவேன் அவனைத் தூக்கி வண்டியில் போட்டு, மார்லிஸையும் ஏற்றிக்கொண்டு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். வழியில் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"அவன் ஒதுங்குற எடத்துல பனி காப்பி நெறமா ஆயிடும், மார்லிஸ். கிறிஸ்துமஸுக்கு முன்னாடியிலேர்ந்தே."

"அப்போலேர்ந்தா? ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"அடுத்தவன் மூத்திரத்தைப் பத்தி நாம எப்படிப் பேசுறது? நல்லாவா இருக்கும்?"

மார்லிஸ் அவனைக் கடித்துக் குதறியிருப்பாள். வண்டி ஓட்ட ஆள் வேண்டுமே என்று விட்டுவிட்டாள்.

அங்கே வந்த டாக்டர் புரூயிட், தெற்கே வெயில் காயும் லூசியானாக்காரி. "அய்யோ, என்ன குளிர் இது, செத்துருவேன் போல இருக்கே!" என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தாள். இப்படி வெட்கமில்லாமல் பேசுகிறவளைத் தேவாலயத்தில் பார்த்திருந்தால் மார்லிஸ் வேறு பெஞ்சுக்குப் போயிருப்பாள்.

"உங்ககிட்ட எடுத்த ரத்தம் குழாய்ல கட்டி கட்டியா நின்னுது. லேப்ல சூடுபடுத்தினதும் பிரிஞ்சிடுச்சு," என்றாள் டாக்டர், கண் விழித்திருந்த வெர்லினிடம். "குளிர் பட்டா உங்க சிவப்பணு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி உடைஞ்சுபோகுது. இதுக்கும் இரும்புக்கும் சம்பந்தமே இல்ல. உடம்பு எப்பவும் கதகதப்பா இருக்கணும். இப்ப ஏத்தப்போற ரத்தத்தைக்கூடச் சூடாக்கித்தான் ஏத்தணும். அதுக்கும் அடங்கலேன்னா மருந்து இருக்கு. ஆனா எவ்வளவு நாளா இருக்குன்னு நீங்கதான் சொல்லணும். குளிர்ல கை வலிக்குமா?"

"பரவாயில்ல," என்றான் வெர்லின்.

மார்லிஸுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. "உன் கல்லறையில 'பரவாயில்ல'ன்னு எழுதி வைக்கட்டுமா? ஆள் போயிடுவியோன்னு எனக்கு உசுரே இல்ல. வாயைத் திறந்து சொல்லித் தொலையேன், வெர்லின்!"

வெர்லின் தன் விரல்களைப் பார்த்தான். நுனியெல்லாம் ஊதாவாக இருந்தது.

"வலிக்கும்," என்றான். "நகத்தைப் பிடுங்குற மாதிரி. மூணு குளிர்காலமா."

"மூணா! ஏன் சொல்லல?"

"எல்லாருக்கும் அப்படித்தான் வலிக்கும்னு நெனச்சேன். நீங்கல்லாம் பொறுத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க."

மார்லிஸ் அவன் விரல்களைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள். குளிரில் அவள் கை மரத்துப்போகும், அவ்வளவுதான். அதைக்கூட அவள் அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.