பிஸ்கட் பேணிக்குள் ஒரு கட்சி

"நான் கண்ணை மூடினால் நேபாளத்துக் கம்யூனிஸ்ட் கட்சியொண்டு திரும்ப ஒண்டுசேரும். இருந்து பாரும், சந்திரா."

சந்திரவதனா பஞ்சுக்குச்சியால் கணவரின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். லண்டன் மிட்சமில் அவர்கள் வீட்டின் முன்னறையில் கட்டில் போட்டு மூன்று கிழமை. காலையில் வந்த நர்ஸ், இன்று அல்லது நாளை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். சாகிற அன்றும் புளுகா என்று சந்திரவதனாவுக்கு எரிச்சலாக வந்தது.

நாற்பத்திரண்டு வருடப் புளுகு. பனி கொட்டிய நாளொன்றில், கடைக்கு வாங்கிய ஃபிரீசரை ட்ராம் தண்டவாளத்தில் ஏற்றி கிரொய்டனிலிருந்து ஒற்றைக் கையால் தள்ளிவந்ததாக இராஜேந்திரன் சொல்லுவார். அடுத்தமுறை சொல்லும்போது மற்றக் கையில் தேத்தண்ணீர் இருக்கும், ஒரு சொட்டும் சிந்தியிருக்காது.

நேபாளக் கதை அதையும் விழுங்கும். அவருடைய கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளின்மேல் உட்கார்ந்து, பதினொரு நேபாளிகள் ஒரு கட்சியின் லண்டன் கிளையை நடத்தினார்களாம். பெரிய கட்சியிலிருந்து பிரிந்த சிறிய கட்சி. அதிலிருந்தும் பிரிந்த துண்டு. பதினொரு பேருக்குப் பதின்மூன்று கொள்கை. நேபாளத்தில் யுத்தம் முடிந்து தேர்தல் என்றதும், நிற்பதா, நின்றால் துரோகமா என்று ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டை. ஐந்து பேர் ஹர்க்கமான் பக்கம், ஐந்து பேர் லோகேந்திரா பக்கம். பதினோராவது ஆள் ரெடிங்கில் கலியாணவீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெயரை இரண்டு பகுதியும் வைத்துக்கொள்ளலாம், முத்திரை ஒன்றுதானே? அதை பிஸ்கட் வந்த தகரப் பேணியொன்றில் போட்டு மூடி, டேப் சுற்றி, டேப்பின்மேல் இரண்டு தலைவர்களும் கையெழுத்துப் போட்டு, எந்தப் பக்கமும் சேராத கடைக்காரரிடம் கொடுத்தார்கள். சேர்ந்து வந்தால் மட்டுமே திருப்பிக் கொடுக்கவேண்டும். கடைக்காரர் இறந்தால் இருவரும் சேர்ந்து வந்தே தீரவேண்டும். ஊரில் தாய்க்கட்சி பிறகு இன்னொன்றுக்குள் கரைந்துபோனது. ஆகவே மொத்தக் கட்சியும் தன்னுடைய கராஜில்தான் என்று இராஜேந்திரன் கலியாணவீடுகளில் சொல்லித் திரிந்தார். ஆட்கள் சிரிக்கும்போது சந்திரவதனா சீலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"பேணியின்ர அடியிலை ரெண்டு நம்பர் கிடக்கு," என்றார் இப்போது. மூச்சு நின்று நின்று வந்தது. "நான் போகமுந்தி ரெண்டு பேருக்கும் சொல்லும்."

பேணி கராஜில் இருக்கத்தான் செய்தது. டேப்பும் இருந்தது. கையெழுத்தை எவரும் கிறுக்கலாம். யாரோ பழைய வாடிக்கையாளர் போனை எடுத்து, நேபாளமா என்று சிரிப்பதை அவள் நினைத்துப் பார்த்தாள். குசினியில் கேத்தில் தண்ணீர் கொதிக்கும்வரை நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். போனைத் தொடவில்லை.

"சொன்னனீரோ?"

"ஓம். ரெண்டு பேரும் வருவினம்."

அவர் முகம் மலர்ந்தது. நாலு மணிக்கு, போட்ட தேத்தண்ணீர் ஆறுமுன் போய்விட்டார்.

அந்த வீட்டில் அவள் சொன்ன முதல் பொய் அது. அவர் கேள்வியே இல்லாமல் நம்பியிருந்தார். தகனத்துக்கு நாள் கிடைக்கும்வரை ஒன்பது நாள், வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணீர் கொடுத்தபடி, அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

செத்தவீட்டன்று காலை, வீடு நிறைய ஆட்கள் இருக்க, பேணியைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாள். லோகேந்திராவின் எண் இப்போது பாவனையில் இல்லை என்றது இயந்திரக் குரல். மற்றதில் ஒரு கிழவர் எடுத்தார். அவள் தன் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னாள்.

மற்றவருக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டார் ஹர்க்கமான். எண் வேலை செய்யவில்லை என்றாள். அவர் செருமினார். பிறகு லோகேந்திராவின் புதிய எண்ணை, எங்கேயும் தேடாமல், மூச்சுவிடாமல் ஒப்புவித்தார். பத்தொன்பது வருடமாகத் தாங்கள் பேசுவதில்லை, அதனால் அவளே சொன்னால் நல்லது என்றார்.

தகனசாலைக்கு ஹர்க்கமான் இரண்டு பேரோடு வந்தார். லோகேந்திரா தனியே வந்தார். அவருடைய பகுதியில் அவர்தான் மிச்சம். ஒருவர் முதல் வரிசையில், மற்றவர் கடைசி வரிசையில். எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது தூறல். சந்திரவதனா பேணியை நீட்டினாள். யாரும் முந்தவில்லை. பிறகு இருவரும் ஒவ்வொரு பக்கம் பிடித்து, தத்தம் கையெழுத்தின்மேல் தாங்களே நகத்தால் டேப்பைக் கீறினார்கள்.

முத்திரை இருந்தது. கூடவே வைத்த மைப்பெட்டி காய்ந்து கல்லாகியிருந்தது. லோகேந்திரா அதை மழையில் நீட்டிப் பிடிக்க, ஹர்க்கமான் இராஜேந்திரனின் படம் போட்ட நிகழ்ச்சித்தாளைத் திருப்பி நேபாளியில் மூன்று வரி எழுதினார். லோகேந்திரா ஒரு சொல்லை வெட்டினார். ஹர்க்கமான் முறைத்துப் பார்த்துவிட்டு விட்டுக்கொடுத்தார். இருவரும் கையெழுத்திட்டு முத்திரையை அழுத்தினார்கள். ஒரு பக்கம் மட்டும் சிவப்பாக விழுந்தது.

என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். கட்சி தன் துக்கத்தைத் தெரிவிக்கிறது என்றார் லோகேந்திரா. எந்தக் கட்சி என்று அவள் கேட்கவில்லை.

"அவர் சாகமுந்தி உங்களுக்குச் சொல்லச் சொன்னவர், நான்தான்..." என்று தமிழிலேயே தொடங்கினாள். பிறகு ஆங்கிலத்தில் சொல்ல வாயெடுத்தாள். ஹர்க்கமான் தாளை அவள் கையில் வைத்துத் தலையைக் குனிந்தார்.

காரில் மகன் சுஜீத் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "அம்மா, அப்பான்ர அந்த நேபாளக் கதை..."

"நடந்தது," என்றாள்.

வீடு வரும்வரை தாளை மடிக்காமல், மை இழுபடாமல், மடியில் விரித்துப் பிடித்தபடி இருந்தாள்.