முகத்துணியை இறக்கு

பட்டாளத்தார் பாட்டிலை எடுக்கத்தான் திரும்ப உள்ளே போனார் என்று கேண்டீனில் முடிவு கட்டிவிட்டார்கள்.

"பின்னே எதுக்குங்கறே? எல்லாரும் வெளிய வந்தாச்சு. மேனேஜர் பக்கத்துல போய்ச் சொல்றாரு, எல்லாரும் இருக்காங்க, யாரும் உள்ள இல்லைன்னு. இவரும் தலையை ஆட்டறாரு. ஆட்டிட்டு நேரா உள்ள போறாரு. உள்ள என்ன, மாமியாரா உக்காந்திருக்கா?" என்றார் டேங்கர் டிரைவர்.

"பட்டாளத்து ஆளுப்பா. துப்பாக்கியக் கூட விட்டுட்டு வருவான், அதை விட்டுட்டு வரமாட்டான்" என்றார் பாய்லர்காரர்.

சிரித்தார்கள். கெட்டவர்கள் இல்லை. பட்டாளத்தாரின் உடலைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தது இந்த டிரைவர்தான். அவருடைய கண்கள் இன்னும் சிவந்திருந்தன. காரணம் தெரியாத சாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏதோ ஒரு காரணம் வேண்டியிருந்தது.

"அவர் குடிக்கமாட்டார்" என்றேன்.

"என்னம்மா?"

"அவர் குடிக்கமாட்டார்."

"சத்தமாச் சொல்லும்மா. வெறும் காத்துதான் வருது."

டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

என் குரல் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் என் பெயரைக் கூப்பிட்டால் பக்கத்தில் இருப்பவள் எனக்காக "உள்ளேன்" சொல்வாள். வேதியியல் படித்ததற்கும் அதுதான் காரணம் என்று அம்மா சொல்வாள். சோதனைக்குழாய் எதிர்த்துக் கேள்வி கேட்காது. படிப்பு முடிந்ததும் இந்தப் பால் குளிரூட்டும் நிலையத்தில் சேர்ந்தேன். வருகிற பாலில் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கிற வேலை.

லேபுக்கு ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். அதற்கு நேர் எதிரே, முற்றத்துக்கு அந்தப் பக்கம், வாசல் காவலறை. அங்கே பட்டாளத்தார் இருப்பார். சேர்ந்த புதிதில் ஒருநாள் நான் பிப்பெட்டை உடைத்துவிட்டேன். சூப்பர்வைசர் திட்டிவிட்டுப் போனார். அவர் போனதும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் அவரை மனசாரத் திட்டினேன். வாய்தான் அசைந்தது. சத்தம் எனக்கே கேட்டிருக்காது. சாயங்காலம் வாசலில் பட்டாளத்தார் என்னை நிறுத்தினார்.

"அவரை எருமைன்னு சொன்னது சரி. ஆனா நாம விக்கறதே எருமைப்பாலு. அது என்ன பாவம் பண்ணிச்சு?"

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ரகசியம் சொன்னார். அவருடைய ரகசியக் குரல் சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். நல்லவேளை, அங்கே யாரும் இல்லை. பீரங்கிப் படையில் இருந்தபோது இரண்டு காதும் போய்விட்டன. மிச்சம் இருப்பது ஓர் இரைச்சல். வாயைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கப் பழகிக்கொண்டார். தூரத்தில் இருந்தாலும் பிடித்துவிடுவார். முகம் திரும்பிவிட்டால் தீர்ந்தது.

"வீட்ல உங்க அண்ணிக்குத் தெரியும். இப்ப உங்களுக்கு. மூணாவது ஆளுக்குத் தெரியக்கூடாது. வாக்குக் குடுங்க, சயின்டிஸ்ட்."

கொடுத்தேன்.

அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள். அவருக்கு என் அப்பா வயது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் சத்தமில்லாமல் பேசுவேன். முற்றத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் கையால் பதில் சொல்வார். இன்றைக்கு வந்த பால் பாதி குழாயடியில் கறந்தது, அண்ணே. அம்மா எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறாள், அண்ணே. என்ன வேலை என்று கையைத் திருப்பிக் கேட்பார். வக்கீல் என்பேன். அவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிச் சரணடைவார். உலகத்தில் ஒரே ஓர் ஆளிடம் நான் வாயாடியாக இருந்தேன்.

ஒருமுறை தண்ணீர்ப் பாலைத் திருப்பி அனுப்பியதற்காக ஓர் ஏஜென்ட் லேபுக்குள் வந்து என்னிடம் கத்தினான். பட்டாளத்தார் காவலறையை விட்டு வந்து லேப் வாசலில் நின்றார். அவன் முதுகைக் காட்டி நின்றதால் அவன் சொன்ன எதுவும் அவருக்குத் தெரிந்திருக்காது. என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, அவன் போகிறவரை நின்றார்.

மற்றவர்களுக்கு அவர் தலையாட்டி. பிடிபடாத பேச்சுக்கெல்லாம் "சரிங்க, சரிங்க" என்று தலையை ஆட்டிவிடுவார். பணிவான மனுஷன் என்று மேனேஜர் மெச்சிக்கொள்வார்.

ஒரே ஒரு விஷயத்தில் பணிய மாட்டார். குளிரூட்டும் இயந்திரங்களில் ஓடுவது அம்மோனியா. கசிந்தால் என்ன செய்வது என்று மாதாமாதம் பயிற்சி நடக்கும். சைரன் ஊதியதும் எல்லாரும் வெளியே ஓடி எடை மேடைப் பக்கம் வரிசையில் நிற்க வேண்டும். வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, வாயை மூடிய துணி. எல்லாரும் ஒரே அச்சு. சூப்பர்வைசர் பெயர்களைக் கூப்பிட்டு முடித்த பிறகும் பட்டாளத்தார் விடமாட்டார். வரிசையின் முன்னால் நடந்துகொண்டே "முகத்துணிய எறக்கு!" என்று கத்துவார். ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். "வந்துட்டாருய்யா தளபதி" என்று முனகிக்கொண்டே இறக்குவார்கள். பட்டாளத்துக் கிறுக்கு என்றுதான் நினைத்தார்கள். அவர் எண்ணுகிற விதமே அதுதான் என்று எனக்கு மட்டும் தெரியும்.

அம்மோனியாக் குழாய் வெடித்த அன்று அவர் பிரதான வாசலில் நின்று ஒவ்வொருவராக வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். லேபுக்குப் பின்பக்கம் ஒரு கதவு உண்டு. எனக்கு அது பக்கம். அதன் வழியாக வெளியே வந்து, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

எல்லார் முகத்திலும் ஈரத்துணி. அம்மோனியா தண்ணீரில் கரையும், அதனால் துணியை நனைத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். எழுதிக் கொடுத்தது நான். சரியான யோசனைதான். இப்போது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

சூப்பர்வைசர் என் பெயரைக் கூப்பிட்டபோது எனக்குப் பக்கத்தில் நின்றார். என் பதில் அவருக்குக் கேட்டது. ஆள் குறையவில்லை. ஈரத்துண்டைக் கண்வரைக்கும் சுற்றியிருந்த மேனேஜர் பட்டாளத்தாரிடம் போய்ச் சொன்னார். அவர் தலையை ஆட்டினார். பிறகு வரிசையின் முன்னால் வந்து, "முகத்துணிய எறக்கு!" என்று கத்தினார். யாரும் இறக்கவில்லை. காற்றே எரிந்துகொண்டிருந்தது. கண்ணைத் திறக்க முடியாமல் பாதிப் பேர் குனிந்து நின்றார்கள். நானும் குனிந்துதான் நின்றேன்.

நிமிர்ந்தபோது அவர் முற்றத்தில் பாதி தூரம் போயிருந்தார். துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு "அண்ணே!" என்று கத்தினேன். பிறந்ததிலிருந்து அப்படி நான் கத்தியதில்லை. வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கேட்டுக்கு வெளியே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒருவர்தான் திரும்பவில்லை. அடுத்த வார்த்தைக்குள் நெடி தொண்டைக்குள் இறங்கிவிட்டது. ஓடினேன். டிரைவர் என் கோட்டைப் பிடித்து இழுத்துத் தரையில் உட்கார வைத்தார்.

"பாவம், புள்ள பயத்துல அலறிடுச்சு" என்று பாய்லர்காரர் பிறகு எல்லாரிடமும் சொன்னார்.

பட்டாளத்தார் கிடந்தது நீள நடையில். அந்த நடையில் லேப் இருக்கிறது. காவலாளிகள் பை வைக்கும் அறையும் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பாட்டில் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். மாடியில் இரண்டு அறை. அழைப்பு மணியை அழுத்தினேன். மணி அடிக்கவில்லை. உள்ளே ஒரு விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. அவரே செய்த ஏற்பாடு என்று சொல்லியிருக்கிறார்.

அண்ணி கதவைத் திறந்தார்.

"நீதானே சயின்டிஸ்ட்? வா. கோட்டு இல்லாம அடையாளம் தெரியல."

வார்த்தைகளைப் பிரித்துப் பிரித்து, வாயை அகலத் திறந்து பேசினார். முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. இனி அப்படிப் பேசத் தேவையில்லை என்பது அவருக்கு இன்னும் பழகவில்லை.

கட்டிலில் அவருடைய பொருள்கள் வரிசையாக இருந்தன. டார்ச், சீப்பு, மூக்குக்கண்ணாடி, சாப்பாட்டு டப்பா, ஒரு ஜோடி காலுறை.

"கம்பெனியில இருந்து கொண்டாந்து குடுத்தாங்க. அடுக்கிப் பாக்கறேன், கலைச்சுப் பாக்கறேன். எல்லாம் இருக்கு. அப்ப எதை எடுக்கத்தான் போனாரு?" சீப்பை எடுத்து டார்ச்சுக்கு அந்தப் பக்கம் வைத்தார். "பாட்டிலாமே. என் காதுக்கும் வந்துச்சு. வாடை பட்டாலே வாந்தி எடுக்கற மனுஷன்."

"எதையும் எடுக்கப் போகல அண்ணி."

"முகத்தக் காட்டிச் சொல்லும்மா" என்றார் பழக்கத்தில்.

நிமிர்ந்தேன். "என்னைத் தேடிப் போனாரு."

"நீ உள்ள இருந்தியா?"

"இல்ல. வெளியதான் நின்னேன். எல்லாரும் துணி கட்டியிருந்தோம். யார் வாயும் தெரியல. மேனேஜர் சொன்னதும் அவருக்குப் புரிஞ்சிருக்காது. தலையாட்டினாரு."

"ஆட்டுவாரு."

டார்ச்சை ஒருமுறை எரித்து அணைத்துவிட்டுக் கேட்டார்.

"நீ கூப்பிடலையா?"

"கத்தினேன்."

"நல்லாக் கத்தினியா?"

"நல்லாக் கத்தினேன் அண்ணி."

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "நானும் கத்துவேன். அவரு குளிக்கற அறையில தண்ணி நெறஞ்சு வழியும், இங்கருந்து தொண்டை கிழியக் கத்துவேன். முதுகு திரும்பியிருந்தா கடவுள் வந்து கூப்பிட்டாலும் கேக்காது. எழுந்துபோய்த் தோளைத் தொடணும்."

"தொடற தூரத்துல நான் இல்ல."

"ம்" என்றார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்து வந்திருந்தேன். அழுவார் என்றும் எதிர்பார்த்தேன். அவர் காலுறையை மடித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு இரங்கல் கூட்டம் வெச்சிருக்காங்க. நான் எழுந்து எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன். பாட்டில் பேச்சு அதோட நிக்கும்."

"என்னன்னு சொல்லுவே?"

"என்னைத் தேடித்தான்..."

"கண்ணு முன்னால நின்னவள ஏன் உள்ள போய்த் தேடினாருன்னு கேப்பாங்க."

"காது கேக்காதுன்னு சொல்லிடறேன்."

"வேண்டாம்."

அவர் எழுந்தே விட்டார்.

"காது போச்சுன்னு பட்டாளத்துல பாதியில வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. கூடப் பொறந்தவங்ககிட்டகூட முழு சர்வீஸும் முடிச்சுட்டு வந்தேன்னுதான் சொன்னாரு. குடிகாரன்னு நாலு பேரு சொன்னா சிரிச்சுக்குவாரு. செவிடன்னு ஒருத்தன் சொல்லிட்டா அன்னிக்குச் சோறு எறங்காது. ஒரு கல்யாணத்துல எவனோ வெளையாட்டாச் சொல்லிட்டான். இலையில கை வெச்சவரு எழுந்து வந்துட்டாரு."

"இப்ப அவருக்குத் தெரியப் போறதில்லையே அண்ணி."

சொல்லியிருக்கக் கூடாது. அவர் என்னையே பார்த்தார். கோபம் இல்லை.

"எனக்குத் தெரியுமே. நீயும் வாக்குக் குடுத்திருக்கே. சொன்னாரு. 'அந்தப் பொண்ணு வாயத் தொறந்தாத்தானே வெளிய வர்றதுக்கு'ன்னு சிரிச்சாரு."

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "எதுக்குப் போனாருன்னு சொன்னதுக்கு ரொம்ப நன்றிம்மா. அதை மட்டும் நான் வெச்சுக்கறேன்" என்றார். வெளியே வந்து கதவு சாத்திய பிறகு படியிலேயே நின்றேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

மறுநாள் பாலேற்றும் கொட்டகையில் நாற்காலி போட்டுக் கூட்டம். முன்வரிசையில் அண்ணி. மேனேஜர் பேசினார். நல்ல மனிதர், பணிவானவர், நாட்டுக்கு உழைத்தவர் என்றார். பிறகு குரலை மாற்றி, எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் ஒரு சின்ன விதிமீறல் உயிரையே வாங்கிவிடும், அதை நாம் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். எனக்குப் பின்னால் யாரோ மூக்கால் சிரித்தார்கள். "முழுப் பாட்டிலா, அரையா?"

"வேற யாராவது ரெண்டு வார்த்தை பேசறீங்களா?"

நான் எழுந்தேன். நாற்காலி கிறீச்சிட்டது. எல்லாரும் திரும்பினார்கள். அவ்வளவு அமைதியாக இருந்தது. என் குரல்கூட அன்றைக்குக் கேட்டிருக்கும்.

அண்ணி என் வாயைப் பார்த்தார். கண்ணை அல்ல, வாயை. பட்டாளத்தார் பார்த்துப் பார்த்து அவருக்கும் ஒட்டிக்கொண்ட பார்வை.

பேசாமல் இருப்பதைப் பிறந்ததிலிருந்து செய்துவருகிறேன். அதற்குப் பலம் வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது.

"என்னம்மா, ஏதாவது சொல்றியா?" என்றார் மேனேஜர்.

"நல்லவர்" என்றேன்.

"கேக்கல, சத்தமா."

"நல்லவர்."

உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் குனிந்து, "விடும்மா. குடிச்சா என்ன, நல்லவர்தான்" என்று என்னைத் தேற்றினார்.

அந்த மாதக் கடைசியில் மறுபடி பயிற்சி நடந்தது. சைரன் ஊதியது. எடை மேடைப் பக்கம் வெள்ளைக் கோட்டுகள் வரிசையாக நின்றன. சூப்பர்வைசர் பெயர்களைக் கூப்பிட்டார். என் முறை வந்ததும் முகத்துணியை இறக்கினேன். வேறு யாரும் இறக்கவில்லை. இறக்கச் சொல்ல ஆளில்லை.

"இருக்கேன்!"

"அடேயப்பா, காது கிழியுதும்மா" என்றார் சூப்பர்வைசர். எல்லாரும் சிரித்தார்கள். இவ்வளவு குரலை இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்று பாய்லர்காரர் கேட்டார்.

அடுத்த பெயர் கூப்பிட்டாகிவிட்டது. துணியை நான் மேலே ஏற்றவில்லை. காவலறையைப் பார்த்து முகத்தைத் திருப்பி, சத்தம் வராமல், மெதுவாக இன்னொரு முறை சொன்னேன். அங்கே புதிய காவலாளி கைப்பேசியில் குனிந்திருந்தார்.